பந்தி வாசலில் எச்சிப்பொட்டி

மகள் கல்யாணத்தில் பந்தி வாசலில் உமிழ்நோக்கியை நிறுத்தப்போவதாக டாக்டர் சென்னியப்பன் அறிவித்தபோது, அவர் மனைவி கருணாம்பிகை கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். உருவுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு, அதுக்கடுத்து எச்சிப்பொட்டி. இந்த வரிசைலீங்களா?"

"அதுக்குப் பேரு உமிழ்நோக்கி."

"ஊரே எச்சிப்பொட்டின்னுதானுங்க சொல்லுது."

ஊர் அப்படித்தான் சொன்னது. கோயமுத்தூரில் பல் டாக்டராக இருந்த சென்னியப்பன், பல் பிடுங்குவதைப் பாதியில் விட்டுவிட்டு, தன் இளமையையும் தலைமுடியையும் கொட்டிச் செய்த கருவி அது. அவர் வைத்த பெயரை அவரைத் தவிர யாரும் உச்சரித்ததில்லை. பெட்டி ஓர் ஆளின் இடுப்பு உயரம் இருக்கும். முன்பக்கத்திலிருந்து ஏலக்காய் மணக்கும் காகிதச் சீவல் ஒன்று நீளும். அதை நாக்கில் ஒற்றிப் பக்கத்துப் பிளவில் செருகிவிட்டால், ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரத்துக்குள் வாயில் ஊறும் எச்சிலை வைத்தே உடம்பின் வண்டவாளத்தைச் சொல்லிவிடும். ஈறு கெட்டிருக்கிறதா, கொழுப்பு வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டதா, சர்க்கரை வந்துவிட்டதா அல்லது வருகிற வழியில் இருக்கிறதா. ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம், அவ்வளவுதான்.

நான்கைந்து வருஷத்தில் அது மில்களுக்கும் கல்லூரிகளுக்கும் பரவியிருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு வீட்டாரின் நிறத்தையும் விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். சென்னியப்பன் இதை மக்களிடம் அறிவியல் மனப்பான்மை வளர்கிறது என்று எடுத்துக்கொண்டார். எதையும் நல்ல மாதிரியாக எடுத்துக்கொள்ளும் மனிதர்.

"கல்யாணத்துக்கு வர்றவங்க சாப்பிட வர்றாங்க, பரிசோதனைக்கு வரலீங்க" என்றாள் கருணாம்பிகை.

"சாப்பாட்டுலதான அத்தனையும் இருக்குது? பச்சைக்கு முழு விருந்து. மஞ்சளுக்கு இனிப்பு இல்ல, சோறு ஒரு கரண்டி. செவப்புக்கு ராகிக் களி, அவிச்ச காய், கொள்ளு ரசம். அவங்கவங்க ஒடம்புக்குத் தக்க எலை. சென்னைலிருந்து சுகாதாரத் துறை இயக்குநரம்மா வேற வர்றாங்க. நம்ம கல்யாணம் நல்லபடியா நடந்துட்டா, தமிழ்நாடு பூரா மண்டபத்துக்கு மண்டபம் பொட்டிதான்."

"உங்களுக்கு மகளைக் கட்டிக்குடுக்கோணுமா, பொட்டியக் கட்டிக்குடுக்கோணுமா?"

"ரெண்டும் ஒரே முகூர்த்தத்துல."

கருணாம்பிகை வெறும் காம்பைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்துபோனாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் சென்னியப்பன்.

*

கல்யாணம் உடுமலைப்பேட்டையில். மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் ஆட்களை வாசலில் இறக்கிவிட்டு, ஓட்டுநர் இல்லாமலே போய், வேப்பமர நிழலுக்காக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. தாலி கட்டி முடிந்ததும் கூட்டம் வழக்கம்போல மணமக்களை மறந்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்கு நகர்ந்தது. அங்கே வாசலில், வாழைமரத்துக்குப் பக்கத்தில், மாலை போட்டுக்கொண்டு நின்றது உமிழ்நோக்கி.

முதலில் எல்லாம் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் இருந்தது. ஏலக்காய் வாசனைக்காகக் குழந்தைகள் இரண்டிரண்டு தரம் நக்கின. வாயில் ஒரு பல்கூட மிச்சமில்லாத ஒரு பெரியவர் பச்சை வாங்கி, பச்சைக் காகிதக் காப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, ஏதோ தேர்தலில் ஜெயித்த மாதிரி கூடத்தைச் சுற்றிக் கும்பிட்டார். அவருக்குப் போட்ட முறுக்கையும் வடையையும் பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டார்.

சிக்கல் குரலால் வந்தது. கண் சரியாகத் தெரியாதவர்களுக்கும் நிறம் தெரிய வேண்டும் என்று சென்னியப்பன் பெட்டிக்குள் தன் சொந்தக் குரலையே பதிந்து வைத்திருந்தார். மண்டபச் சத்தத்தில் அது கேட்காமல் போய்விடுமோ என்று, அன்று காலையில்தான் நாதஸ்வரக்காரர்களின் ஒலிபெருக்கியோடு அதை இணைத்திருந்தார். ஆகவே யார் நாக்கை நீட்டினாலும் மண்டபத்தின் நான்கு மூலையிலும், சமையல்கட்டிலும், மணமேடையிலும், வாசலில் நிழலுக்கு அடித்துக்கொண்டிருந்த கார்களுக்கும் கேட்டது.

"மஞ்சள். நடு வரிசை. ஈறுகளைக் கவனியுங்கள்."

"சிவப்பு. சுவரோர வரிசை. உடல்நலத்தில் கவனம் தேவை."

கொஞ்ச நேரத்தில் கை கழுவும் இடத்தில் ஒரு கூட்டம் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தது. எதிர்க்கடையில் பற்பசை தீர்ந்துபோனது. ஆனால் பெட்டி ஏமாறவில்லை. "வாய் கொப்பளித்தவர் சற்றுப் பொறுத்து மீண்டும் வரவும்" என்று அதையும் ஊருக்குச் சொன்னது. ஒல்லியான சொந்தக்காரர்களுக்கு என்றுமில்லாத மரியாதை வந்தது. பெரியப்பா முறையுள்ளவர்கள் தூணுக்குப் பின்னால் நின்று, "கண்ணு, அந்தப் பச்சைக் காப்பச் சித்தெ குடு, ஒரே ஒரு ஒப்பிட்டு தின்னுட்டுத் தர்றேன்" என்று ஒரு போளிக்காகக் கெஞ்சினார்கள்.

சமையல்காரர் வெள்ளியங்கிரி கரண்டியோடு ஓடிவந்தார்.

"சார், நெய் ஒழுக ஒழுக ஒப்பிட்டு போட்டு வெச்சிருக்கறேன், கேக்க நாதியில்ல. கொள்ளு ரசம் முத பந்திலயே காலி. கொள்ளு ரசத்துக்கு இப்பிடி அடிதடி நடந்து நா பாத்ததே இல்லீங்க. எங்கப்பன் காலத்துல இருந்து சமைக்கறோம், எங்களை இப்பிடி யாரும் அவமானப்படுத்துனதில்ல."

"இன்னும் ரெண்டு படி கொள்ளப் போடுங்க" என்றார் சென்னியப்பன் உற்சாகமாக. ஊரில் பாதிப்பேர் சிவப்பு என்று தெரிந்தது அவருக்குத் தன் ஆராய்ச்சி மெய்யானது போலத்தான் இருந்தது. ஒரு ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த இயக்குநர் வசுமதியைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்த அம்மாள் பச்சை. ஒப்பிட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டு மோர் மட்டும் குடித்த பச்சை.

அப்போதுதான் சம்பந்தி நாச்சிமுத்து வந்தார்.

நாச்சிமுத்துவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் மில். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, இரண்டும் சேர்ந்தும் சுற்றி வர முடியாத வயிறு. சிரித்துக்கொண்டே சீவலை நாக்கில் ஒற்றிச் செருகினார்.

"சிவப்பு" என்றது சென்னியப்பனின் குரல். "ஈறு நோய் முற்றிய நிலை. சர்க்கரை அதிகம். உடனே மருத்துவரைப் பாருங்கள். சுவரோர வரிசை."

நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். மணமேடையில் மாப்பிள்ளை தலை நிமிர்ந்தான்.

நாச்சிமுத்துவின் முகமும் அந்த நிறத்துக்கே மாறியது. "எனக்குச் சக்கரையே கெடையாதுங்க" என்றார்.

சென்னியப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விளக்கம் சொல்வதில் அவருக்குத் தனி ருசி. "தெரியாம இருந்திருக்கும் சம்பந்தி. பல்லு வெளக்கும்போது ரத்தம் வருதுங்களா?"

"அது வருசக்கணக்கா வருது. பல்லுல ரத்தம் வந்தா சக்கரைங்கறீங்களா? பல்லு மேல இருக்குது, சக்கரை எங்கியோ இருக்குது."

"ஈறுங்கறது வேலிங்க. வேலி ஓட்டையாச்சுன்னா கிருமி உள்ள பூந்துரும். ஒடம்பு சண்டைக்கு நிக்கும். சண்டைன்னா புகையும். ரத்தத்துல இருக்கற சக்கரையத் தூக்கிட்டுப் போறதுக்குன்னு உள்ள ஒரு ஆளு இருக்கறான். அந்தப் புகைல அவனுக்குக் கண்ணு தெரியறதில்ல. சக்கரை ரத்தத்துலயே தங்கீரும். தங்குன சக்கரை ஈறுல இருக்கற கிருமிக்கு விருந்து. அது இன்னும் பெருகும். இதுக்கு நடுவுல வயித்துல சேர்ற கொழுப்பும் தன் பங்குக்குப் புகையப் போடும். மூணும் ஒண்ண ஒண்ணு தாங்கிப் புடிச்சுக்கும்."

"கூட்டணிங்கறீங்க."

"அதேதானுங்க, கூட்டணி! அந்தக் கூட்டணி பண்ற அட்டூழியம் பூராவும் எச்சிலைப் பாத்தாத் தெரிஞ்சுபோகும். பாருங்க, இன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. எவ்வளவு நல்ல விசயம்!"

"எனக்குத் தெரிஞ்சது சரி. உடுமலைக்கே ஏனுங்க தெரியோணும்?"

சென்னியப்பன் பிடித்திருந்த கையை விட்டார்.

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். "நாஞ் சாப்பிடலீங்க. எங்கூட்டாளுக யாரும் சாப்பிட மாட்டாங்க. பொண்ண இப்பக் கூட்டிட்டுப் போகல. என்ற நெறம் மாறுனப்பறம் சொல்லி அனுப்பறேன், அன்னிக்கு உங்க பொட்டியோட வந்து விட்டுட்டுப் போங்க." சொல்லிவிட்டு மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒதுக்கியிருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கல்யாண வீட்டில் சம்பந்தி சாப்பிடாமல் கிளம்புவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று சென்னியப்பனுக்கும் தெரியும். மேடையில் மகள் நேத்ரா மாலையைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை. அப்பாவைப் பார்த்தாள், அவ்வளவுதான். அது அழுவதைவிட மோசமாக இருந்தது.

சாத்திய கதவுக்கு வெளியே நின்று சென்னியப்பன் வேலி விளக்கத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னார். சர்க்கரை தூக்குகிறவனுக்குக் கண் தெரியாத இடத்துக்கு வந்தபோது கருணாம்பிகை வந்து அவரை நகர்த்தினாள்.

"நீங்க போய் வந்தவங்களைக் கவனிங்க. நாம் பேசறேன்."

"நீ என்ன பேசுவே? இது நுணுக்கமான விசயம்."

"நுணுக்கமாவே பேசறேன். போங்க."

அவள் உள்ளே போனாள். சென்னியப்பன் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். கல்யாணப் பெண்ணின் அப்பா நடக்கிற நடையைப் பார்த்து, வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். திடீரென்று அறைக்குள்ளிருந்து பெரிய சிரிப்புச் சத்தம். கதவு திறந்தது. நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நேராகச் சுவரோர வரிசைக்குப் போய் உட்கார்ந்து, "எங்கப்பா களி? செவப்புக்காரனுக்குன்னா எளக்காரமா?" என்று குரல் கொடுத்தார். அவர் உட்கார்ந்ததும் அவர் அண்ணன் தம்பி, பங்காளிகள் எல்லோரும், தூணுக்குப் பின்னால் பச்சைக் காப்புக்குப் பேரம் பேசியவர்கள் உட்பட, வந்து உட்கார்ந்தார்கள். அதற்குப்பின் மண்டபத்தில் அந்த வரிசைதான் களைகட்டியது. யார் யாருக்கு எந்தப் பல் ஆடுகிறது, யார் எங்கே ஒளித்துவைத்து அல்வா தின்றார்கள் என்று ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்துச் சிரித்தார்கள். மஞ்சள் வாங்கிய இருவர் அங்கே இடம் கேட்டு வந்து, தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

விளக்கம் கதவைத் தாண்டி வேலை செய்துவிட்டது என்று சென்னியப்பன் புரிந்துகொண்டார். நேத்ராவைப் பார்த்துக் கையசைத்தார். கண் தெரியாத ஆள் உதாரணம் எப்போதும் பலிக்கும்.

இயக்குநர் வசுமதி விடைபெற வந்தாள். "பிரமாதம் டாக்டர். முதல்ல கொஞ்சம் எதிர்ப்பு இருந்தது, அப்புறம் ஜனங்க ஏத்துக்கிட்டாங்க. நான் கண்ணாலேயே பார்த்தேன். அடுத்த தை மாசத்திலேருந்து எல்லா மண்டபத்திலேயும் கட்டாயமாக்கச் சொல்லி எழுதப்போறேன். நாளைக்குக் காலையில ஒரு வார்த்தை கூப்பிடுங்க. நீங்க மாத்தணும்னு நினைக்கிறது ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமே இல்லீங்க" என்றார் சென்னியப்பன்.

*

கடைசிப் பந்தி வீட்டாட்களுக்கு. கூட்டம் கலைந்திருந்தது. நாச்சிமுத்து மட்டும் சுவரோரம் ஒரு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அடுத்து உட்காருகிற சிவப்புக்காரர்களுக்குத் துணையிருந்தார். சென்னியப்பன் மனைவியைத் தேடிப் பிடித்தார்.

"வா கருணா. நாம ரெண்டு பேருந்தான் பாக்கி."

"எனக்குப் பசியில்லீங்க."

"நாக்க நீட்டறதுக்குப் பசி எதுக்கு? வா."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு சீவலை எடுத்து, மருந்து சாப்பிடுகிற மாதிரி நாக்கில் வைத்து, பிளவில் செருகினாள்.

"சிவப்பு" என்றது அவர் குரல், மண்டபம் முழுக்க. "சர்க்கரை. ஈறு நோய். சுவரோர வரிசை."

சென்னியப்பன் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். இன்னொரு சீவலை உருவிக் கொடுத்தார். அவளும் மறுக்காமல் வாங்கிச் செருகினாள். பெட்டி அதையே திரும்பச் சொன்னது.

"மெசின்ல ஏதோ கோளாறு."

"மெசின் சரியாத்தானுங்க இருக்குது. ஆறேழு மாசமா மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கறேன்."

அவருக்கு முதலில் அது காதிலேயே ஏறவில்லை. ஜில்லா முழுக்க எச்சில் சேகரித்தவர் அவர். காலேஜ் பிள்ளைகள், மில் தொழிலாளிகள், மலைக்கிராமத்து ஜனங்கள் எல்லோருடைய வாயும் அவருக்கு அத்துப்படி. காலையில் காப்பி கொடுக்கிற கைக்குச் சொந்தக்காரியின் வாயை அவர் பார்த்ததில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"பொண்ணு பாக்க வந்தவங்க ஊட்டு நெறம் என்னன்னு கேட்டாங்க. நீங்க நெஞ்ச நிமித்தி 'எங்கூட்ல எல்லாரும் பச்சை'ன்னு சொல்லிப்போட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல. அதுக்கப்பறம் நா எப்பிடிச் செவப்புன்னு வந்து நிக்கறது? பொட்டி கண்டுபுடிச்சவரு ஊட்லயே செவப்புன்னு ஊரு சிரிக்காதுங்களா? பொண்ணுக்குத்தான் எடம் அமையுமா?"

"அப்போ மாத்திரை...?"

"திருப்பூர்ல ஒரு டாக்டரம்மா. அவங்க கிட்டயும் உங்க பொட்டிதான் இருக்குது. ஆனா அதுல சத்தத்த நிறுத்தி வெச்சிருக்காங்க. எனக்கு மட்டும் காட்டுச்சு. கொஞ்ச நேரம் ஒக்காந்து அழுதேன். மூஞ்சியக் கழுவிக்கிட்டு பஸ் ஏறிட்டேன். அது தெரியாம இருந்திருந்தா இந்நேரம் காலோ கண்ணோ போயிருக்கும்னாங்க. பொட்டி கண்டுபுடிச்சது தப்பே இல்லீங்க. மைக்கு வெச்சீங்க பாருங்க, அதுதான்."

சென்னியப்பனுக்கு மெல்ல வேறொன்று உறைத்தது. "சம்பந்தி... அந்த ரூம்ல..."

"அதைத்தான் சொன்னேன். 'அண்ணா, நானும் உங்க கட்சிதானுங்க. உங்களை மைக்குல சொல்லிட்டாங்க, என்னை இன்னும் சொல்லல, அவ்வளவுதான் வித்தியாசம்'னேன். அப்பறம் சிரிச்சாரு பாருங்க, கட்டிலே ஆடுச்சு."

"அப்ப வேலி...?"

"எந்த வேலி?"

சுவரோரத்திலிருந்து நாச்சிமுத்து கூப்பிட்டார். "சம்பந்தியம்மா! எலை போட்டாச்சு, வாங்க!" கருணாம்பிகை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

சென்னியப்பனும் நாக்கை நீட்டினார். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

"பச்சை" என்றது அவர் குரல், மிகுந்த மகிழ்ச்சியோடு. "முதல் வரிசை. விருந்தை ரசித்து உண்ணுங்கள்."

முதல் வரிசையில் ஒருவரும் இல்லை. அத்தனை நீள மேசையில் அவர் ஒருவருக்கு இலை போட்டார்கள். வெள்ளியங்கிரி ஒப்பிட்டுத் தட்டோடு ஓடிவந்தார். "ஒரு பச்சையாவது மிஞ்சுனீங்களே சார்! சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று அடுக்கினார், நெய்யை அதன்மேல் குளமாக ஊற்றினார். சென்னியப்பன் ஒரு விள்ளலை வாயில் போட்டு மென்றார். ஊறவில்லை. எச்சிலைப் பற்றி அவ்வளவு படித்தவருக்கு அன்று வாயில் ஒரு சொட்டு எச்சில் ஊறவில்லை.

கூடத்து வாசலில் வெள்ளியங்கிரியின் ஆட்கள் சாப்பிட வந்து நின்றார்கள். பாத்திரம் தேய்க்கும் ஓர் அம்மாள் சீவலை எடுத்து நாக்கில் ஒற்றி, கூச்சத்தோடு செருகினாள்.

"சிவ..." என்று ஆரம்பித்தது பெட்டி.

அதற்குள் சென்னியப்பன் எழுந்து ஓடியிருந்தார். பெட்டிக்குப் பின்னால் குனிந்து, ஒலிபெருக்கிக் கம்பியைப் பிடுங்கி எறிந்தார். அவர் குரல் அந்த எழுத்திலேயே நின்றது. பெட்டியின் சின்னத் திரையில் நிறம் மட்டும் வந்து அந்த அம்மாளின் முகத்தில் விழுந்தது. அவள் அதைப் படித்தாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எந்த வரிசை வேணுமோ அங்க ஒக்காருங்க" என்றார் சென்னியப்பன். "நாளைக்கு நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், பாத்துக்கலாம்."

காலையில் இயக்குநரம்மாவிடம் சொல்ல அவருக்கு இப்போது ஒரு மாற்றம் இருந்தது. அவர் சுவரோர வரிசைக்கு நடந்தார். அங்கே இலை தீர்ந்திருந்தது. கொள்ளு ரசமும் தீர்ந்திருந்தது. ஒரு நாற்காலியை இழுத்து மனைவிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாச்சிமுத்து கண்ணை மூடித் தூங்குவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சென்னியப்பன் அவள் இலைக்குக் கையை நீட்டினார்.

"ஏனுங்க, அது எச்சிங்க."

"எனக்கு எச்சிலைப் பத்தி நீ சொல்லோணுமா?"

கருணாம்பிகை இலையைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பினாள். களியை நடுவில் பிட்டு, பெரிய பாதியை அவரிடம் தள்ளினாள்.

"உப்புக் கம்மியா இருக்குங்க."

"இருக்கட்டும்" என்றார் அவர். "சாப்பிட்டுட்டே சொல்லு. அந்தத் திருப்பூர் டாக்டரம்மா வேற என்னவெல்லாம் சொன்னாங்க?"